நீராவிக் குழாயில் நாம் மாட்டிய பெட்டி

இன்று காலை ஆலையின் ஸ்டோரில் ஒரு புது அட்டைப்பெட்டியைப் பிரித்தேன். உள்ளே உள்ளங்கையளவு அலுமினியப் பெட்டி, அதன் முதுகில் வரிசையாகத் தகடுகள். நீராவிக் குழாயின் சூட்டிலிருந்தே மின்சாரம் எடுத்துச் சென்சாரை ஓட்டுமாம், பேட்டரியே வேண்டாமாம். கொண்டுவந்தவர் எனக்கே விளக்கினார். பாதியிலேயே வெளியே வந்துவிட்டேன்.

நீ இருந்தால் சிரித்திருப்பாய். எனக்கு எரிச்சல்தான் வந்தது.

மணலி ஆலையில் நான் கருவிகளைக் கவனிப்பவன், நீ ஃபிட்டர். குழாய்கள்மேல் இருந்த சென்சார்களின் பேட்டரி அந்தச் சூட்டில் சில மாதங்கூடத் தாங்காது. ஒவ்வொரு முறையும் ஏறி மாற்றுபவன் நீ. அலுத்துப்போய்த்தான் குழாய்ச் சூட்டிலேயே ஓடும் பெட்டி ஒன்றை நாமே செய்தோம். நான் முதலில் மாட்டியது இரண்டே நாளில் நின்றது. நீ தொட்டுப் பார்த்துவிட்டுச் சொன்னாய்: "ரெண்டு பக்கமும் சுட்டுக்கினு கீது நைனா. ஒரு பக்கம் சில்லுனு இருந்தாதான கரண்டு வரும்?" சூட்டை வெளியேற்றும் தகடுகளைக் கடற்காற்று வரும் பக்கம் திருப்பி, நீயே கிளாம்பு போட்டு மாட்டினாய். மழைக்காலம் போய் வெயில்காலமும் முடிந்தது, ஒருநாள்கூட அது நிற்கவில்லை.

மற்ற சென்சார்களுக்கும் இதுபோல் செய்து தருகிறோம் என்று மேலாளரிடம் போனோம். "கையில செஞ்சதையெல்லாம் பிளான்ட்ல மாட்ட முடியாதுப்பா. பேட்டரி மாத்தத்தான் ஆள் இருக்கே," என்றார். இருந்த ஒன்றையும் கழற்றச் சொன்னார். படி இறங்கும்போது நீ, "உடு நைனா, நானே ஏறிக்கிறேன்," என்றாய். நானும் விட்டுவிட்டேன். இன்னொரு முறை போய்க் கேட்டிருக்கலாம், எழுதியாவது கொடுத்திருக்கலாம்.

அடுத்த மழையில், அதே குழாயில் பேட்டரி மாற்ற ஏறியபோது நீ விழுந்தாய், பிழைக்கவில்லை. விசாரணையில் உன் கவனக்குறைவு என்று எழுதினார்கள். ஈரத்தில் வழுக்கிய இரும்புப் படியைப் பற்றி நான் சொன்னதை யாரும் குறித்துக்கொள்ளவில்லை. இப்போது தொழிலாளர் பாதுகாப்புக்கு என்று சொல்லி, அதே சங்கதியை வெளியிலிருந்து வரவழைத்திருக்கிறார்கள்.

சாயங்காலம் முகத்துவாரக்குப்பத்தில் உன் வீட்டுக்குப் போனேன். உன் மனைவி வாசலில் மீன் கூடையைக் கழுவிக்கொண்டிருந்தாள். மறைக்க மனம் வராமல் புதுப் பெட்டியையும் அதற்கு முன்பே நாம் செய்ததையும் சொன்னேன். ஈரக் கையைத் துடைத்தபடி கேட்டாள்: "நீங்க ரெண்டு பேரும் செஞ்சது நல்லா ஓடிச்சாண்ணா?"

"ஓடிச்சும்மா."

"அப்பால அவரு இன்னாத்துக்கு மேல ஏறினாரு?"

மேலாளரைச் சொல்லியிருக்கலாம், அறிக்கையைச் சொல்லியிருக்கலாம். ஆனால் இன்னொரு முறை போய்க் கேட்காத என்னையும் சேர்த்துச் சொல்ல வேண்டியிருக்கும். அவள் கூடையைக் கவிழ்த்து வைத்துவிட்டு உள்ளே போனாள். அந்தக் கேள்வியோடுதான் பஸ் ஏறினேன்.