என்னுடைய மரணச் சான்றிதழ்

மார்ச் 4, செவ்வாய்

செவன் ஹில்ஸ் குளிர்க்கிடங்கில் நாள் முழுக்கப் பெட்டி தூக்கிவிட்டு வந்தால், வீட்டில் கடிதம். என் அகதிக் கோரிக்கையை ஆஸ்திரேலியா மறுத்துவிட்டதாம். பன்னிரண்டு வருடம் யோசித்தவர்கள் ஒரே பக்கத்தில் முடித்துவிட்டார்கள். ஊர் திரும்பப் பயணப் பத்திரம் எடுக்க வேண்டுமாம்.

மார்ச் 19, புதன்

எங்கள் நாட்டுத் தூதரகத்துப் பெண் என் பெயரையும் பிறந்த திகதியையும் தட்டினாள். திரையைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். மறுபடி திரை.

"இவர் 2009இல மோசம் போயிட்டார் எண்டு இறப்புப் பதிவு இருக்கு. நீங்கள் அவருக்கு என்ன முறை?"

"நான்தான் அவர்."

அவள் கதிரையைப் பின்னுக்குத் தள்ளினாள்.

அம்மா செய்த வேலை. நான் படகேறிய பிறகும் என்னைத் தேடி ஆமிக்காரர்கள் வந்துகொண்டே இருந்தார்கள். தங்கச்சி லக்சிகாவையும் விசாரணைக்குக் கூப்பிட்டார்கள். அம்மா பதிவாளரிடம் போய், மகன் கடைசிச் சண்டையில் செத்துவிட்டான் என்று சான்றிதழ் எடுத்துவிட்டார். அதோடு அவர்கள் வரவு நின்றது. ஊர் நம்ப வேண்டுமே என்று வருடா வருடம் எனக்குத் திவசமும் செய்கிறார்.

ஏப்ரல் 2, புதன்

வக்கீல் ராதா மதுரைக்காரர், காசு வாங்காமல் வழக்குப் பார்ப்பவர். "அகதிக்கும் சர்வதேச ஒப்பந்தம் இருக்குங்க, நாடில்லாதவங்களுக்கும் இருக்கு. ரெண்டுலயும் ஆஸ்திரேலியா கையெழுத்துப் போட்டிருக்கு. ஆனா நீங்க யாருன்னே காட்ட முடியலன்னா நான் எதை வச்சு வாதாடுறது?"

ஒரே வழி, அம்மா பொய் சொன்னதாக எழுதிக்கொடுத்துச் சான்றிதழை ரத்துச் செய்வது.

"அப்ப அவங்கள் திரும்ப வருவாங்களே?"

ராதா என் கோப்பை மூடி வைத்தார்.

ஏப்ரல் 11, வெள்ளி

விசா முடிந்தது, வேலையும் போனது. என் லொக்கரைக் கிடங்கில் என்னோடு பெட்டி தூக்கிய விவேக் துடைத்துக்கொண்டிருந்தான். என்னைக் கண்டு ஏன் அப்படித் திடுக்கிட்டான்?

ஏப்ரல் 27, ஞாயிறு

சவரம் செய்யேக்க கண்ணாடியில கை கொஞ்சம் பிந்தி அசைஞ்சது. எனக்கு விசர் பிடிச்சிட்டுது போல.

மே 3, சனி

லக்சிகா அழைத்தாள். "அண்ணா, நீங்கள் ஓம் எண்டு சொன்னால் சான்றிதழை ரத்துச் செய்யப் பதிவாளரிட்ட அம்மாவைக் கூட்டிக்கொண்டு போறன்." பின்னால் அவள் பிள்ளை சிணுங்கியது.

யோசிச்சுச் சொல்லுறன் எண்டன். என்னத்தை யோசிக்க? எனக்கு உயிரோட இருக்க ஆசையா இருக்கு. அவ்வளவுதான்.

மே 17, சனி

பஞ்சமித் திதி, என்னுடைய திவசம். லக்சிகா வீடியோ போட்டு, போனை என் படத்துக்குப் பக்கத்தில் சாய்த்து வைத்தாள். என் பக்கத்துக் கமராவையும் மைக்கையும் நிறுத்தியிருந்தேன். அயல்வீட்டுச் சிவகௌரி அன்ரி நேரே என் முகத்தைப் பார்த்து அழுதார். "தங்கமான பிள்ளை." எனக்கு இருமல் வந்தது. மைக் நிறுத்தியிருந்தும் வாயைப் பொத்திக்கொண்டேன்.

எல்லாரும் போனபின் அம்மா போனோடு குசினிக்குள் வந்தார். குரலைத் தாழ்த்தி, "தம்பி, திங்கட்கிழமை பதிவாளர் கந்தோருக்குப் போகட்டோ?"

"வேண்டாமம்மா. அடுத்த முறை வடையும் சுடுங்கோ. இண்டைக்குப் படையல்ல வடையைக் காணேல்லை."

 அம்மா எனக்குப் படைத்த இலையை மடித்துக்கொண்டிருந்தார்.