இருபதாவது உறுப்பு

பிப்ரவரி 4
ஒன்பதாம் வகுப்பு விடைத்தாள்களைத் திருத்த உட்கார்ந்து, திருத்தாமலே எழுந்தேன். எல்லாம் இந்த எண்களால்தான். ஓர் எண்ணை இரட்டித்து, அதற்கு முந்தையதைக் கூட்டினால் அடுத்தது: 1, 2, 5, 12, 29, 70... எதை எடுத்தாலும் மூன்று வர்க்கங்களின் கூட்டலாக எழுத வருகிறது. 12 என்றால் 4+4+4. 70 என்றால் 36+25+9. தேவைப்பட்டால் பூஜ்ஜியத்தையும் சேர்த்துக்கொள்ளலாம். வீட்டுக்காரரிடம் காட்டினேன். அவரும் கணக்கு வாத்தியார்தானே, அதே பள்ளிக்கூடத்தில். சாப்பாடு ஆறிப்போகும்வரை பார்த்துக்கொண்டிருந்தார். பெருமையாக இருந்தது.

பிப்ரவரி 19
இந்த எண்வரிசையில் பத்தொன்பது உறுப்புகள் வரை சரி. கணித ஆசிரியர் சங்கத்துக்கு எழுதலாமா என்றேன். நிரூபணம் இல்லாமல் அனுப்பினால் சிரிப்பார்கள், பொறு என்றார். நான் எழுதிய தாள்களை வாங்கி வைத்துக்கொண்டார்.

மார்ச் 8
நாத்தனார் போன் செய்தாள். "அண்ணன் ஏதோ கண்டுபிடிச்சிருக்காராமே அண்ணி, சங்கத்துக் கூட்டத்துல பேசப்போறாராமே?"
ஆமாம் என்றேன். வேறென்ன சொல்ல?
அழைப்பிதழ் அவர் பையில் இருந்தது. என் தாளில் நான் வைத்திருந்த தலைப்பு, ஓர் எழுத்துகூட மாறவில்லை. கீழே அவர் பேர் மட்டும்.

மார்ச் 9
கேட்டேன். "ஒரே வீடுதானே, யார் பேர்ல வந்தா என்ன?" என்றார்.
அப்படியென்றால் என் பேரிலேயே வந்திருக்கலாமே? குளிக்கப் போய்விட்டார்.
இந்த ஆளோடயா இத்தனை வருஷம் குப்பை கொட்டினேன்? நம்பிக் கொடுத்தேனே — கழுத்தை அறுத்துட்டாரே.

மார்ச் 12
வீம்புக்கு இருபதாவதைப் போட்டேன். 1,59,94,428. வரவில்லை. நான்கால் வகுத்து, வந்ததை எட்டால் வகுத்தால் மீதி ஏழு. அப்படிப்பட்ட எண் மூன்று வர்க்கங்களில் அடங்கவே அடங்காது. கல்லூரியில் படித்ததுதான். பத்தொன்பதும் ஒழுங்காக வந்த மயக்கத்தில் மறந்து தொலைத்திருக்கிறேன்.

மார்ச் 13
சொல்லலாமா? மேடையில் மூக்குடைபடட்டும் என்று ஒரு மனசு சொல்கிறது. அந்த மனசுதான் ஜெயிக்கிறது.

மார்ச் 14
மனசு கேட்கவில்லை, சொல்லிவிட்டேன். நாளைய சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தார். இருபதாவது இடிக்கிறது என்றேன். நிமிரக்கூட இல்லை.
"பொறாமையில என் தலையைக் குழப்பாத."

மார்ச் 15
போனேன். சங்கக் கூட்டத்தில் பின்வரிசை. நன்றாகத்தான் பேசினார், கைதட்டினார்கள். ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர் எழுந்து, இருபதாவதைப் பார்த்தீர்களா, மீதி ஏழு வருகிறதே என்று அமைதியாகக் கேட்டார். இவர் தாளைப் புரட்டினார். பிறகு என்னைக் கைகாட்டினார்.
"கணக்கெல்லாம் போட்டது என் மனைவி. தப்பு அவங்களோடது."
அத்தனை தலையும் திரும்பியது. ஒரு மணி நேரப் பேச்சில் நான் வந்தது அந்த ஓர் இடத்தில்தான்.

மார்ச் 16
எழுதப் பிடிக்கவில்லை.

மார்ச் 29
எந்தெந்த உறுப்புகள் இடிக்கும், ஏன் இடிக்கும் என்பது பிடிபட்டுவிட்டது. நிரூபணத்தோடு.
இன்று காபியை அவரே போட்டுக் கொண்டுவந்து பக்கத்தில் உட்கார்ந்தார். "அடுத்து எது வராதுன்னு பாத்தியா? காட்டேன்."
"நீங்களே போட்டுப் பாருங்க."
இருபத்தொன்றிலிருந்து ஆரம்பித்திருக்கிறார், பாவம். என் கட்டுரை நேற்றே சங்கத்துக்குத் தபாலில் போய்விட்டது.