தரையில் நின்று இரண்டாம் மாடியைக் கழுவினோம்

இன்று காலை குழாய் ஒட்டும் சொல்யூஷன் டப்பாவைத் திறந்தேன். அந்தக் காரமான வாசனை மூக்கில் ஏறியதும் நீயும் வந்துவிட்டாய். ஜன்னல் கழுவப் புதுக் கம்பு ஒன்று செய்துகொண்டிருக்கிறேன், தெரியுமா? தவளக்குப்பத்தில் புதிதாகக் கட்டிய கல்யாண மண்டபத்தில் கூப்பிட்டிருக்கிறார்கள். முகப்பு முழுக்கக் கண்ணாடி! இதை உன்னிடம் சொல்லாமல் யாரிடம் சொல்வேன்? வேலையை அப்படியே போட்டுவிட்டு எழுத உட்கார்ந்துவிட்டேன்.

கடற்கரைப் பக்கத்து ஓட்டலில் நாம் ஜன்னல் துடைத்த நாட்களில், கடல் காற்று உப்பை அள்ளிவந்து கண்ணாடியில் பூசும். நாம் ஏணியில் ஏறித் துடைப்போம். மறுநாள் அது திரும்பவும் பூசும். உயரம் உனக்கு ஒரு பொருட்டே இல்லை. உச்சிப்படியில் நின்றுகொண்டு, கீழே ஏணியைப் பிடித்திருக்கும் எனக்கு முந்தின நாள் பார்த்த சீரியலின் கதையைச் சொல்வாய். எனக்கு நாலாவது படியிலேயே கால் நடுங்கும். ஆனாலும் விழுந்தது நீதான். ஈரத் தரையில் ஏணி வழுக்கி உன் கணுக்கால் உடைந்தது. மாவுக்கட்டைப் பிரித்த பிறகும் நொண்டினாய்.

"ஏணி ஏற முடியாதவங்கள வெச்சிக்கினு நான் இன்னா பண்றது?" என்று சூப்பர்வைசர் கையை விரித்துவிட்டார். நீ இல்லாத இடத்தில் எனக்கும் மனம் ஒட்டவில்லை. நானும் நின்றுவிட்டேன்.

அப்புறம்தான் அந்த வீடியோ. உன் வீட்டுச் சமையலறையில் நான் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தேன். காலை நீட்டி உட்கார்ந்து போனில் வீடியோக்களைத் தள்ளிக்கொண்டிருந்த நீ, "மல்லிகா, இங்க பாருடி!" என்று கத்தினாய். எந்த ஊரோ, ஒரு ஆள் தரையில் நின்றபடி நீளமான கம்பால் மாடி ஜன்னலைத் தேய்க்கிறான். கம்பின் நுனியில் பிரஷ். பிரஷ்ஷிலிருந்தே தண்ணீர் வழிகிறது. ஏணி இல்லை, துணியும் இல்லை. அதன் விலையைத் தேடிப் பார்த்தோம். பார்த்ததும் போனைக் கவிழ்த்து வைத்துவிட்டுக் கண்ணில் நீர் வரச் சிரித்தோம்.

சிரித்து முடித்ததும், "நாமளே செஞ்சா இன்னாடி?" என்றாய்.

அந்த வாரம் முழுக்க நமக்குச் சோறு தண்ணி நினைவே இல்லை. பெயிண்டர்கள் ரோலர் மாட்டுகிற, இழுத்தால் நீளும் அலுமினியக் கம்பு இரண்டு வாங்கி, ஒன்றோடு ஒன்றை இணைத்தோம். கார் கழுவும் மெத்தென்ற பிரஷ்ஷை நுனியில் பொருத்தினோம். ஆணியைப் பழுக்கக் காய்ச்சி அதன் முதுகில் இரண்டு துளை போட்டாய். கொத்தனார்கள் மட்டம் பார்க்கிற மெல்லிய டியூப்பைக் கம்போடு சேர்த்துக் கட்டி, அதன் நுனியைச் சொல்யூஷன் வைத்து அந்தத் துளைகளோடு ஒட்டினோம். தண்ணீரை மேலே தள்ளுவதற்கு, உன் தம்பி வயலுக்கு மருந்தடிக்க வாங்கி இன்னும் பிரிக்காமல் வைத்திருந்த பேட்டரி ஸ்பிரேயரைத் தூக்கி வந்துவிட்டாய். "அக்கா, எனக்கு அது வேணும்க்கா" என்று அவன் போனில் கெஞ்சியது சமையலறை வரை கேட்டது.

பக்கத்து வீட்டு மாடி ஜன்னலில் முதல் சோதனை. தண்ணீர் உச்சிவரை ஏறிப் பிரஷ்ஷில் கொட்டியதும் நீ நொண்டிக் காலோடு குதித்தாய். ஆனால் கண்ணாடி காய்ந்ததும் நம் இருவர் முகமும் வாடிவிட்டது. ஜன்னல் முழுக்க வெள்ளை வெள்ளையாகப் புள்ளிகள். துடைக்க வேண்டுமென்றால் மறுபடி ஏணிதானே?

அன்று டம்ளர் கழுவும்போது எனக்குப் பொறி தட்டியது. போர் தண்ணீரில் கழுவினால் எவர்சில்வரில் வெள்ளைக் கறை நிற்கிறது. குடிக்கிற கேன் தண்ணீரில் அலசியது பளபளவென்று இருந்தது. "அடியே, உப்புடி! தண்ணியில இருக்கற உப்பு!" என்று டம்ளரோடு உன் வீட்டுக்கு ஓடி வந்தேன். நீ உடனே எழுந்தாய். கேனைத் தூக்கி ஸ்பிரேயரில் கவிழ்த்தாய்.

இரண்டு நாளில் லாஸ்பேட்டை டியூஷன் சென்டர் வாசலில் நின்றோம். இரண்டு மாடி, தெருவைப் பார்த்துப் பெரிய பெரிய கண்ணாடிகள். அதை நடத்துகிற மேடம், "ஒரு ஜன்னல் செஞ்சு காட்டுங்க, பாக்கலாம்" என்றார். ஆரம்பித்த உடனே டியூப் உச்சியில் பிடுங்கிக்கொண்டு என் தலையில் அபிஷேகம்! படித்துக்கொண்டிருந்த பிள்ளைகளெல்லாம் ஜன்னலுக்கு வந்துவிட்டார்கள். நீ கம்பை இறக்கி, உன் கூந்தல் ரப்பரைக் கழற்றி மூட்டில் இறுக்கிச் சுற்றினாய். தலைமுடி முகத்தில் விழ, "இன்னாடி பாக்குற? தண்ணிய தொற" என்றாய்.

கழுவியாயிற்று. இனி காய வேண்டும். துணியை எடுக்கக் கை துறுதுறுத்தது. நீ என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாய். மேடமும் அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார். ஈரம் ஓரத்திலிருந்து மெல்லச் சுருங்கியது. ஒரு புள்ளி இல்லை! எதிர்ச்சாரி வேப்பமரம் கண்ணாடிக்குள் இலை இலையாகத் தெரிந்தது. "மாசாமாசம் வந்துடுங்க" என்று மேடம் சொல்லி முடிப்பதற்குள் நீ என்னைக் கட்டிப்பிடித்து நசுக்கிவிட்டாய்.

அதன் பிறகு எத்தனை கட்டடங்கள்! பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து பென்ஷன் வாங்கும் அந்தச் சொல்தா கிழவர் வீட்டு மாடியை முடித்தபோது, அவர் பால்கனியிலிருந்து கை தட்டி "மெர்சி, மெர்சி" என்று நன்றி சொன்னார். தெருமுனை வரை நீயும் அதையே சொல்லிக்கொண்டு வந்தாய்.

உன் இதயம் இவ்வளவு சீக்கிரம் களைத்துவிடும் என்று யார் நினைத்தது? ஆஸ்பத்திரியில் முதல் மாடியில், ஜன்னலோரக் கட்டிலில் படுக்கவைத்தார்கள். கண்ணாடியில் படிந்திருந்த புழுதி மழையில் சேறாகியிருந்தது. "வெளிய ஒண்ணும் தெரியலடி" என்றாய். மறுநாள் காலை செக்யூரிட்டியிடம் கெஞ்சி அனுமதி வாங்கி, கம்பும் கேனுமாகக் கீழே வந்து நின்றேன். பிரஷ் போன வழியெல்லாம் சேறு விலக, உன் முகம் தெரிந்தது. தலையணையில் சாய்ந்து சிரித்தாய். நான் முடித்ததாக நினைத்துக் கம்பை இறக்கினேன். நீ கண்ணாடியைத் தட்டினாய். விரலை நீட்டி மேலே இடது மூலையைக் காட்டினாய். அங்கே கொஞ்சம் அழுக்கு விட்டுப்போயிருந்தது!

உன் பக்கத்தில் நின்ற நர்சும் சிரித்துவிட்டார். நான் மறுபடி கம்பைத் தூக்கினேன். அந்த வாரக் கடைசியில் நீ போய்விட்டாய்.

இப்போதும் ஒரு ஜன்னலை முடித்ததும் நான் கம்பை உடனே இறக்குவதில்லை. நீ காட்டிய அந்த மூலைக்கு என் கை இன்னொரு முறை போய்விட்டுத்தான் வருகிறது.