காலியாக விட்ட கட்டம்

அன்புள்ள பூச்சிக்கு, அப்பா எழுதுகிறேன். நானும் அம்மாவும் நலம், நீ ஜன்னலில் வைத்துவிட்டுப் போன தொட்டிச் செடியும் நலம், அதற்கு நான் தண்ணீரைக் கொட்டிக் கொல்கிறேன் என்று அம்மா சொன்னால் நம்பாதே. நீயும் வேளைக்குச் சாப்பிட்டுச் சௌக்கியமாக இருப்பாய் என்று நினைக்கிறேன். போனில் பேசாமல் இதென்ன கடிதம் என்று கேட்பாய். மூன்று முறை போன் செய்தேன், மூன்று முறையும் மழையைப் பற்றிப் பேசிவிட்டு வைத்துவிட்டேன். விஷயம் அப்படி. வாயில் வராததைப் பேனாவில் வரவழைப்பதுதானே என் பிழைப்பு.

நீ உயிரியல் பட்டம் வாங்கிய நாளிலிருந்து இங்கே ஆளாளுக்கு உன் வாழ்க்கையை நடத்திக்கொண்டிருக்கிறார்கள். அத்தை உன்னை ஆசிரியர் பயிற்சியில் சேர்த்து, வேலையும் வாங்கிக் கொடுத்து, லீவு நாட்களையும் எண்ணி முடித்துவிட்டாள். சித்தப்பா உன் கையில் பெரிய பையைக் கொடுத்து மருந்துக் கம்பெனிக்காக ஊர் ஊராக அனுப்பிவிட்டார். என் மேசைக்குப் பக்கத்து ஜெராக்ஸ் கடைக்காரர் உன்னை டாக்டர் என்றே நினைத்துக்கொண்டு, முழங்கையில் இருக்கும் படையைப் போட்டோ எடுத்து அனுப்பச் சொல்கிறார். அனுப்பியிருக்கிறேன், சாப்பிடும் முன் திறக்காதே. நான் மட்டும் சும்மா இருந்தேனா என்றால் இல்லை. நம் வீட்டிலிருந்து பத்து நிமிட நடையில் இருக்கும் ஆஸ்பத்திரியின் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் ஆள் எடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு, எனக்குச் சர்க்கரை இருக்கிறதா என்று பார்க்கிற சாக்கில் போய் உளவு பார்த்தேன். நல்ல வெளிச்சம், நல்ல மின்விசிறி, ஒழுங்கான ஆட்கள். அங்கே பெரியவராக இருக்கும் அம்மாள் உன் படிப்புதான் படித்தவர், அதன்மேல் ஒரு வருஷப் பயிற்சி எடுத்தாராம். மரியாதையான வேலை, ஆனால் உங்கள் பெண் வந்து பார்த்துத் தானே சொல்லட்டும் என்றார். எனக்கு முதல் பாதி மட்டும்தான் காதில் விழுந்தது. சர்க்கரை இல்லை, கவலைப்படாதே.

இனி விஷயத்துக்கு வருகிறேன், கோபப்படாமல் படி. பூஞ்சை பற்றி மேல்படிப்புப் படிக்க உனக்கு இடம் கிடைத்து, பெற்றோர் கையெழுத்துக்காக நீ ஒரு படிவம் அனுப்பினாய் அல்லவா? சேர விருப்பம் உண்டா இல்லையா என்ற கட்டத்தை மட்டும் விட்டுவிடுங்கள், யோசித்து நானே எழுதுகிறேன் என்று சொல்லியிருந்தாய். உன் அப்பா முப்பது வருஷமாக அலுவலக வாசலில் உட்கார்ந்து ஊரார் விண்ணப்பங்களை நிரப்புகிறவன். காலிக் கட்டத்தைப் பார்த்தால் எனக்குக் கை ஊறும், ஒன்றும் இல்லையென்றால் ஒரு கோடாவது போட்டுவிடுவேன், அதுவும் உனக்குத் தெரியும். அந்தக் கட்டத்தில் ‘இல்லை’ என்று எழுதி, கையெழுத்தும் போட்டு, உனக்கு அனுப்பாமல் நேராகப் பல்கலைக்கழகத்துக்கே தபாலில் போட்டுவிட்டேன்.

அன்று சாயங்காலம் அம்மாவிடம் சொன்னேன், கைப்பழக்கத்தில் எழுதிவிட்டேன் என்று. அவள் சட்டைக்குப் பட்டன் தைத்துக்கொண்டிருந்தாள், தலையைக்கூட நிமிர்த்தவில்லை. “பழக்கம்னா கோடுல்ல போட்டிருப்பீங்க” என்றாள். அவ்வளவுதான். அதற்குப் பிறகு இரண்டு நாள் என்னோடு பேசவில்லை, தட்டு வைக்கிற சத்தத்திலேயே பேசிக்கொண்டாள். அவள் சொன்னது சரிதான் பூச்சி. நீ போய் மூன்று வருஷம் ஆகிறது. இன்னும் இரண்டு வருஷம் என்றதும் எனக்குத் தாங்கவில்லை. அந்த ஆஸ்பத்திரியில் வேலை என்றால் மத்தியானம் வீட்டுக்கு வந்து சாப்பிடுவாய் என்று நினைத்துக்கொண்டே எழுதினேன். அதை வேறு எப்படிச் சொன்னாலும் பொய்.

மூன்றாம் நாள் காலை முதல் பேருந்தைப் பிடித்து அந்தப் பல்கலைக்கழகத்துக்கே போய்விட்டேன். சேர்க்கைப் பிரிவில் இருந்த அம்மாள் என் கதையைக் கேட்டுவிட்டு, பெண்ணுக்குத் தெரியாமல் சேர்க்க வருகிற அப்பாவைப் பார்த்திருக்கிறேன், நிறுத்திவிட்டு ஓடி வருகிறவரை இப்போதுதான் பார்க்கிறேன் என்று சிரித்தார். நல்ல வேளை, உன் படிவம் இன்னும் தட்டிலேயே இருந்தது, பதிவேட்டில் ஏறவில்லை. அதை ரத்து செய்துவிட்டுப் புதுப் படிவம் கொடுத்தார். படிவம் இருபதாம் தேதிக்குள் வந்து சேர வேண்டும், அந்தக் கட்டம் மட்டும் பெண்ணின் கையெழுத்திலேயே இருக்க வேண்டும் என்று என் மூக்குக்கு நேரே விரலை நீட்டிச் சொன்னார்.

வந்தது வந்தோம் என்று உன் துறையையும் எட்டிப் பார்த்தேன். அலமாரி முழுக்கக் கண்ணாடித் தட்டுகள், ஒவ்வொன்றிலும் பச்சையும் கறுப்புமாகப் பூத்துக் கிடக்கிறது. நம் குளியலறைச் சுவரில் நான் வருஷா வருஷம் சுரண்டித் தள்ளுகிற அதே சனியன்! அதற்கு அங்கே தனி அறை, தனிக் குளிர், தினமும் வந்து நலம் விசாரிக்க ஆள். உன்னைவிட இரண்டு வயது மூத்தவள் போல ஒருத்தி, உள்ளே வாங்க என்று கூப்பிட்டு நுண்ணோக்கியில் காட்டினாள். நான் குனிந்தவன் நிமிரவில்லை, வரிசையில் நின்ற மாணவர்கள்தான் தொண்டையைச் செருமினார்கள். நீ சின்ன வயதில் தீப்பெட்டிக்குள் எதையாவது பிடித்து வந்து, பாருப்பா பாருப்பா என்று மூக்கில் இடிப்பாயே, அப்போதெல்லாம் நான் ஒழுங்காகப் பார்க்கவே இல்லை என்று தோன்றியது. படித்தவர்கள் என்ன ஆகிறார்கள் என்றும் அவளிடம் கேட்டுவிட்டேன். சிலர் ஆராய்ச்சி, சிலர் மருந்து, உணவு சம்பந்தப்பட்ட கூடங்கள், சிலர் கல்லூரியில் பாடம், வேலை கிடைக்கக் கொஞ்சம் பொறுமை வேண்டும் என்று ஒளிக்காமல் சொன்னாள். நானும் ஒளிக்காமல் உனக்கு எழுதிவிட்டேன்.

நீ ஆஸ்பத்திரி என்றாலும் சரி, பூஞ்சை என்றாலும் சரி, அத்தை சொல்கிற பள்ளிக்கூடம் என்றாலும் சரி, எங்களுக்குச் சந்தோஷம்தான். அப்பா தனியாக இருப்பாரே என்று மட்டும் எதையும் முடிவு செய்யாதே. எனக்கு அம்மா இருக்கிறாள், இப்போது பேசவும் ஆரம்பித்துவிட்டாள். உன் உடம்பும் மனசும் நன்றாக இருக்க வேண்டும், எடுத்த காரியம் கைகூட வேண்டும் என்று இருவரும் மனதார வாழ்த்துகிறோம். கடைக்காரரின் முழங்கைக்கு ஒரு பதில் எழுது, தொல்லை தாங்கவில்லை. இருபதாம் தேதியை மறக்காதே.

புதுப் படிவத்தை இதோடு வைத்து அனுப்புகிறேன். பெயர், முகவரி, பிறந்த தேதி, என் கையெழுத்து எல்லாம் போட்டாகிவிட்டது. அந்தக் கட்டத்தைத் தொடவில்லை. நேற்றிலிருந்து அது மேசைமேல் கிடக்கிறது, பக்கத்தில் பேனாவும் கிடக்கிறது, நான் தொடவில்லை.

இப்படிக்கு,
கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கும்
உன் அப்பா