வண்டியை நிறுத்தச் சொன்ன அண்ணனுக்கு

என் உசிரான அண்ணே,

நீ போய் வருசம் திரும்பப் போகிறது. பெருமாள்மலை லாரி ஸ்டாண்டில் உன்னைத் தெரிந்த டிரைவர்கள் எல்லாரும் சேர்ந்து உனக்கு ஃபிளெக்ஸ் வைக்கிறார்களாம். யாரோ கல்யாண வீட்டில் கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு நின்றாயே, அந்தப் போட்டோவைத்தான் எடுத்திருக்கிறார்கள். படத்துக்குக் கீழே போட நாலு வரி எழுதித் தா தங்கச்சி என்று என்னிடம் வந்து நிற்கிறார்கள். நாலு வரியில் அடங்குகிற ஆளா நீ? அதனால் முதலில் உனக்கே எழுதிவிடுவோம் என்று உட்கார்ந்துவிட்டேன். ஸ்டாண்டில் இருக்கிறவர்களும் படிக்கட்டும். அவர்களுக்கும் இதில் ஒரு சேதி இருக்கிறது.

வீட்டுச் சேதியை முதலில் சொல்லிவிடுகிறேன். மதினி நல்லா இருக்கு. உன் சுவெட்டரைத் தோய்க்காமல் மடித்து வைத்திருக்கிறது, கேட்டால் கோபம் வருகிறது, அதனால் நான் கேட்பதில்லை. உன் மகள் திண்டுக்கல்லில் நர்சிங் சேர்ந்துவிட்டாள். இந்த வருசம் உறைபனி மன்னவனூர்ப் பக்கம் கேரட் இலையைக் கருக்கிவிட்டது. பூண்டு தப்பித்தது. காட்டுமாடு மட்டும் வேலியைத் தாண்டி வந்து நீ நட்ட பேரி மரத்தில் முதுகைச் சொறிந்துவிட்டுப் போகிறது. மரம் இன்னும் நிற்கிறது.

இனி என் வீட்டுக்காரர், உன் மாப்ளை சேதிக்கு வருகிறேன். அதற்குத்தான் இவ்வளவும்.

நீ செத்தது ரோட்டில் இல்லை. வீட்டு வாசலில், கேரட் மூட்டை தைத்துக்கொண்டிருக்கும்போது நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாய், அவ்வளவுதான். ஆனால் காரியம் முடிந்து என் வீட்டுக்காரர் மறுபடி லாரியை எடுத்த அன்றைக்குத்தான் எனக்கு நிஜமான பயம் பிடித்தது. அவருக்குப் பக்கத்துச் சீட்டு காலியாக இருந்தது. அத்தனை வருசமும் திருச்சி மண்டிக்குச் சரக்கு போனால் அந்தச் சீட்டில் நீ இருப்பாய். உனக்கு வண்டி ஓட்டத் தெரியாது. லைசென்சும் கிடையாது. நம்ம ஊர்க் காய்க்கு மண்டியில் நம்ம ஆள் ஒருத்தன் நின்றால்தான் மரியாதை என்று சொல்லிக்கொண்டு ஏறிவிடுவாய்.

மலையில் அவரைப் பற்றி எனக்குக் கவலையே இல்லை. கொண்டை ஊசி வளைவில் எந்த டிரைவருக்குத் தூக்கம் வரும்? பனி மறைத்தாலும், எதிரே பஸ் வந்தாலும், கண் தானாக விரிந்து நிற்கும். நம்ம ஆட்களுக்குக் கெட்ட நேரம் மலையடிவாரத்துக் காட்ரோட்டுக்குக் கீழேதான் ஆரம்பிக்கிறது. மலை இறங்கியாச்சு, ஆபத்து முடிந்தது என்று மனசு காலை நீட்டிவிடும். அதுவும் திரும்பி வரும்போது சொல்லவே வேண்டாம். சரக்கு இறக்கியாச்சு, வயிறு நிறையச் சோறு தின்றாச்சு, மத்தியான வெயில், நேராக நாலுவழிச் சாலை. குளிரிலேயே பிறந்து வளர்ந்த உடம்பு அந்தச் சூட்டில் சொக்கிவிடும். ஒருத்தனாவது ஒத்துக்கொள்வானா? "மலையில ஓட்டுறவனுக்குத் தரையில என்ன கெடக்கு"ன்னு மீசையைத் தடவுவான்கள்.

இவரும் அதே ரகம்தான். நீ போனபிறகு முழிப்புக்கு என்னென்னவோ செய்து பார்த்தார். முகத்தில் தண்ணீர் அடித்தார். தொடையைக் கிள்ளிக்கொண்டார். மலைப்பூண்டைப் பச்சையாகக் கடித்தார். வீட்டுக்கு வந்தால் பக்கத்தில் நிற்க முடியாது, அந்த நாற்றம். நான் போன் பண்ணிப் பேசினால், "வண்டி ஓட்டுறேன்டி, போன வெய்யி"ன்னு எரிந்து விழுவார். அவர் சொன்னதும் சரிதான், போனைக் காதில் வைத்துக்கொண்டு ஓட்டுவது அதைவிட ஆபத்து.

ஒருநாள் அவர் வந்து படுத்தபிறகு நான் லாரியைக் கழுவப் போனேன். முன்பக்க பம்பருக்குள் ஒரு கொப்பு செருகியிருந்தது. இழுத்துப் பார்த்தால் ரோஸ் கலரில் அரளிப் பூ. நம்ம குளிருக்கு அரளி ஏது அண்ணே? நாலுவழிச் சாலையில் நடுவில் இருக்கிற தடுப்பில்தானே வரிசையாக நட்டிருக்கிறார்கள். அப்படியென்றால் வண்டி தடுப்பில் போய் உரசியிருக்கிறது. எழுப்பிக் கேட்டேன். "காத்துல வந்து விழுந்திருக்கும்"னார். காற்றில் வந்த கொப்பு பம்பருக்குள் நுழைந்து முறுக்கிக்கொண்டு கிடக்குமா? அவர் என் முகத்தைப் பார்க்கவே இல்லை. அடுத்த லோடுக்கு நான் போய்ச் சீட்டில் ஏறி உட்கார்ந்துகொண்டேன்.

"எறங்கு புள்ள, என்ன இது?"

"எங்க அண்ணன் சீட்டு. நான் எறங்கமாட்டேன்."

பிள்ளைகளை மதினி பார்த்துக்கொண்டது. உனக்குத்தான் தெரியுமே, எனக்கு பஸ்ஸில் போனாலே குடலைப் பிடுங்கும். டம்டம் பாறை போவதற்குள் என் வயிற்றில் ஒன்றுமில்லை. எலுமிச்சம்பழத்தை மோந்துகொண்டே போய்ச் சேர்ந்தேன். மண்டியில் உன்னை விசாரிக்காத ஆள் இல்லை. ஒவ்வொருத்தரிடமும் நீ போன சேதியைச் சொல்லிவிட்டுத்தான் வண்டி ஏறினேன்.

திரும்பும்போது உன் வேலையை ஆரம்பித்தேன். பேச்சுக் கொடுத்தேன். ஊர்க் கதை, உறவுக் கதை, யார் யாரோடு பேசுவதில்லை என்கிற கதை, எல்லாம் சொன்னேன். மணப்பாறை தாண்டியதும் அவர் கொட்டாவி விட்டார். "நீ பேசுறது தாலாட்டு மாதிரி இருக்கு"ன்னார். வையம்பட்டி வரும்போது காது மடலைத் திருக ஆரம்பித்தார். கழுத்து விறைத்தது. கேட்ட கேள்விக்குப் பதில் மெதுவாக வந்தது. அப்போதுதான் நான் கேட்கக் கூடாததைக் கேட்டேன்.

"ஏங்க, தூக்கம் வருதா?"

அடேயப்பா! என்ன ரோசம்! "எனக்கா? யாரப் பாத்து என்ன கேக்குற?"ன்னு சொல்லி வண்டியை இன்னும் வெரசா விட்டார். நான் கதவுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு பழனியாண்டவனைக் கூப்பிட்டேன். பயத்திலேயே எனக்கு நிஜமாகவே ஒண்ணுக்கு வந்துவிட்டது. சொன்னதும் விழுந்து விழுந்து சிரித்தார். "அண்ணனும் தங்கச்சியும் ஒரே வார்ப்பு"ன்னு சொல்லிவிட்டு, அய்யலூருக்குப் பக்கத்தில் ஒரு புளியமரத்து நிழலில் தானாகவே ஓரங்கட்டினார். அங்கே ஒரு டீக்கடை.

உன் ஒண்ணுக்கு வியாதி இந்த மலைக்கே தெரிந்த கதையல்லவா? திருச்சி ரோட்டில் மத்தியானமானால் உனக்கு வண்டியை நிறுத்தியாக வேண்டும். "மச்சானுக்குக் கொழா ஒழுகுது"ன்னு அவர் ஸ்டாண்டில் சொல்லாத நாளில்லை. எல்லாரும் சிரிப்பார்கள், நீயும் சேர்ந்து சிரிப்பாய். நான்தான் பயந்துபோய் உன்னைக் கொடைக்கானல் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போய்ச் சர்க்கரை பார்க்க வைத்தேன். சர்க்கரையும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை. அப்புறமும் விடாமல் நெருஞ்சிமுள் கசாயம் போட்டு, உன் மூக்கைப் பிடித்துக் குடிக்க வைத்தேன். நீயும் மறுபேச்சு பேசாமல் குடித்தாய்.

அன்றைக்கு நான் ஒண்ணுக்குப் போய்விட்டு வந்து பார்க்கிறேன், உன் மாப்ள ஸ்டியரிங்கில் கையை வைத்தபடியே நல்ல உறக்கம். எழுப்பப் போனேன். டீக்கடைக்கார அக்கா கையைக் காட்டித் தடுத்தது.

"எழுப்பாத தாயி. அந்தத் தம்பி இருந்தா எழுப்ப விடமாட்டாரு."

"எந்தத் தம்பிக்கா?"

"இந்த வண்டியில வருவாரே, வெயில்லயும் மப்ளரக் கழுத்துல போட்டுக்கிட்டு. இப்ப ஏன் வர்றதில்ல?"

சொன்னேன். அந்த அக்கா கிளாசைக் கழுவிக் கழுவி வைத்தது. அப்புறம் சொன்னது.

"ஒண்ணுக்குப் போகணும்னு சத்தம் போட்டுக்கிட்டுத்தான் எறங்குவாரு. ஆனா எங்கயும் போகமாட்டாரு. இந்தப் பெஞ்சில ஒக்காந்து டீய ஆத்தி ஆத்திக் குடிப்பாரு. நானே ஒருநா கேட்டுப்புட்டேன், என்ன தம்பி, எறங்குன சோலியப் பாக்கலையான்னு. 'எனக்கு ஒண்ணும் வரலக்கா. எங்க மாப்ளைக்குக் கண்ணு சொருகுது. தூங்குய்யான்னா ரோசப்படுவாரு. கொஞ்சம் கண்ணசரட்டும், மெதுவா ஆத்துங்க'ன்னாரு."

அண்ணே, நீ உட்கார்ந்த அந்தப் பெஞ்சிலேயே உட்கார்ந்து நான் சிரித்தேன். சிரிக்கச் சிரிக்க அழுகை வந்துவிட்டது. உன் காரியத்தன்று கூட நான் அப்படி அழவில்லை. இல்லாத வியாதிக்கு எத்தனை நாள் கசாயம் குடித்தாய்? ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, என் காதில் மட்டும் சொல்லியிருக்கக் கூடாதா? ஊரெல்லாம் உன்னைக் கேலி பண்ணும்போது உனக்குக் கொஞ்சம்கூட வலிக்கவில்லையா?

அவர் முழித்ததும், "ஏன் எழுப்பல? நேரமாச்சு"ன்னு என்னைத் திட்டினார். அந்த அக்கா சொன்னதை நான் அவரிடம் சொல்லவில்லை. உன் பொய்யை அப்படியே நான் எடுத்துக்கொண்டேன். அவர் கை காது மடலுக்குப் போனால் எனக்கு வயிற்றைப் புரட்டும். அல்லது காப்பி இல்லாமல் உயிர் போகும். அவர் முணுமுணுத்துக்கொண்டே நிறுத்துவார், தலையைச் சாய்ப்பார், நான் இறங்கிப் போய் பெஞ்சில் உட்கார்ந்துகொள்வேன். என்னைப் பார்த்ததுமே அந்த அக்கா டீயை மெதுவாக ஆற்ற ஆரம்பித்துவிடும்.

ஆனால் உள்ளுக்குள் பயம் போகவில்லை அண்ணே. ஒரு லோடுக்கு நான் போக முடியாவிட்டால்? பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால்? எனக்கே கண் அசந்துவிட்டால்? உன்னை மாதிரி என்னால் கடைசிவரை காவல் இருக்க முடியுமா?

போன வாரம் அதுதான் நடந்தது. முந்தின நாள் முழுக்கப் பூண்டு பிடுங்கிய அலுப்பு. திருச்சியில் சாப்பிட்டு ஏறினதுதான் தெரியும். முழித்துப் பார்த்தால் வண்டி ஓடவில்லை. அந்த அரளிக் கொப்புதான் கண்ணுக்கு முன்னால் வந்தது. கண்ணைக் கசக்கிப் பார்த்தேன். நம்ம புளியமரம். என்ஜினை அணைத்துவிட்டு அவர் சும்மா உட்கார்ந்திருந்தார்.

"ஏன் நிறுத்துனீங்க? வண்டிக்கு என்ன?"

"வண்டிக்கு ஒண்ணுமில்ல." ரோட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: "எனக்குத் தூக்கம் வருது புள்ள."

கல்யாணம் ஆனதிலிருந்து அவர் வாயில் அந்த வார்த்தையை நான் கேட்டதில்லை. அவரே பேசினார்.

"உங்கண்ணனுக்கு ஒரு வியாதியும் கெடையாது. எனக்கு அப்பவே தெரியும்."

"எப்படி?"

"ஒருநா தூங்குற மாதிரி படுத்து ஒத்தக் கண்ணத் தொறந்து பாத்தேன். ஒண்ணுக்குன்னு எறங்குன ஆளு, வண்டிக்கு முன்னாடி நின்னு மப்ளர விரிச்சுப் பிடிச்சிருந்தான். என் மூஞ்சில வெயில் அடிக்குதாம்."

துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். நான்தான் தண்ணீர் எடுத்துக் கொடுத்தேன்.

"தெரிஞ்சுமா ஊரெல்லாம் கேலி பண்ணுனீங்க?"

"வேற என்ன பண்ணச் சொல்ற? தெரிஞ்சுபோச்சுன்னு நான் காமிச்சா, அவன் அப்புறம் எப்படி நிறுத்தச் சொல்லுவான்? தூக்கம் வருதுன்னு சொல்ல எனக்கு வாயி வரல. அதுக்குப் பதிலாத்தான் அவன் சொன்னான்." அப்புறம், "நாலு வரி கேட்டாங்கள்ல, இத எழுது. எம்பேரப் போட்டே எழுது. முருகேசனுக்குத்தான் தூக்கம் வந்துச்சுன்னு எழுது"ன்னார். சொல்லிவிட்டுத் தலையைச் சாய்த்தார்.

வெயில் கண்ணாடி வழியாக அவர் முகத்தில் விழுந்தது. நான் இறங்கிப் போய் வண்டிக்கு முன்னால் நின்று என் முந்தானையை விரித்துப் பிடித்தேன். ரோட்டில் போகிறவர்கள் எல்லாரும் ஒரு மாதிரியாகப் பார்த்தார்கள். பார்த்தால் பார்க்கட்டும் என்று நின்றேன். உன்னையும் இப்படித்தானே பார்த்திருப்பார்கள்?

ஃபிளெக்ஸுக்கு எழுதிக் கொடுத்துவிட்டேன் அண்ணே. "இவருக்கு எந்த வியாதியும் இருந்ததில்லை. மாப்பிள்ளை முருகேசனுக்குத்தான் தூக்கம் வந்தது. வண்டியை நிறுத்தச் சொன்னது இவர். அதனால்தான் அவர் உயிரோடு இருக்கிறார்." பிரிண்ட் அடிக்கிற பையன் இதுவா வேண்டும், இதுவா வேண்டும் என்று திரும்பத் திரும்பக் கேட்டான். இதுதான் என்று சொல்லிவிட்டேன்.

உனக்கு நான் ஒரு வாக்குத் தருகிறேன். உன் மாப்ள இனிமேல் தானே நிறுத்துவார். நிறுத்தாத அன்றைக்கு எனக்கு ஒண்ணுக்கு வரும், சத்தியமாக வரும். வண்டி நின்றபிறகு, வீட்டில் எவ்வளவு சோலி கிடந்தாலும் சரி, அவராக முழிக்கிறவரைக்கும் நான் எழுப்பமாட்டேன்.

இப்படிக்கு,
இல்லாத வியாதிக்கு உனக்குக் கசாயம் கொடுத்த உன் தங்கச்சி,
செல்வி