அட்ரியனின் இருமல்

உகாண்டா, மலைக்காட்டு விடுதி
8 ஜூலை 2025

அன்பு ஜேன்,

பத்திரமாக வந்து சேர்ந்தோம். நீயும் அத்தையும் நலமா? இங்கே வரவேற்புக் கூடத்தில் மட்டும்தான் இணையம் கிடைக்கிறது. போனில் பேசலாம் என்றால் உன் அண்ணன் பக்கத்திலேயே உட்கார்ந்துகொள்கிறார். அதனால் மின்னஞ்சலில் எழுதுகிறேன்.

விடுதியைப் பார்த்தால் அசந்துபோவாய். மரத்தாலான தனி வீடு, அதற்கென்று ஒரு பணியாள். ராத்திரி குளிருக்குப் போர்வைக்குள் வெந்நீர்ப் பை வைத்துவிட்டுப் போகிறார்கள். ஜன்னலைத் திறந்தால் எதிரே முழுக்கக் காடு, காலையில் பனி அறைக்குள்ளேயே வந்துவிடுகிறது. நான்தான் இதையெல்லாம் பார்க்கிறேன். அவர் போனையே பார்த்துக்கொண்டிருக்கிறார். அடுத்த வருஷம் நம் ஊர் சுங்கைப் பட்டாணியிலிருந்து ஆட்களைக் கூட்டிவரப் போகிறாராம். கொரில்லாவோடு நிற்கும் படம் இல்லாமல் அவருடைய டிராவல்ஸ் விளம்பரம் நிறைவு பெறாதாம்.

சொல்ல வந்தது வேறு. விமானத்தில் ஏறியதிலிருந்து அவருக்கு இருமல். இன்று மாலை ரூத் என்ற வழிகாட்டிப் பெண் எங்களை உட்காரவைத்து விவரம் சொன்னார். சளி, இருமல், காய்ச்சல் இருந்தால் மலைக் கொரில்லா பக்கம் போகக் கூடாதாம். நமக்குச் சாதாரணமாக வந்து போவது அவற்றைக் கொன்றே போட்டுவிடுமாம். உன் அண்ணன் தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டார். அறைக்கு வந்ததும் இருமல் மருந்தைப் பாட்டிலோடு கவிழ்த்துக் குடித்துவிட்டு, "நீ ஒண்ணும் தெரியாத மாதிரி இரு" என்றார்.

நாளை மறுநாள் காட்டுக்குள் போகிறோம். நீ நர்ஸ். என்ன செய்யட்டும், சொல்.

அன்புடன்,
கேரன்


பீடோங், மலேசியா
9 ஜூலை 2025

என் கேரனுக்கு,

கடிதத்தைப் படித்ததும் சிரிப்பு வந்தது. இத்தனை தூரம் போயும் அட்ரியன் அண்ணனின் இருமலைத்தான் கண்டாயா? இங்கே ஒரே மழை, துணி காயவே மாட்டேன் என்கிறது. அம்மா, அண்ணன் கொரில்லா பார்க்கப் போன கதையைச் சர்ச்சில் பூசைக்கு வந்தவர்களிடமெல்லாம் சொல்லியாயிற்று. நீங்கள் வருவதற்குள் தஞ்சோங் டாவாய் மீன்பிடித் துறைக்குப் போய் இறால் வாங்கி வைக்க வேண்டுமாம், இப்போதே என்னைப் படுத்துகிறார்.

முகக்கவசம் போட்டுக்கொண்டு போகட்டும் லா. திறந்த காடுதானே? எத்தனை வருஷக் கனவு அவருக்கு. நீ வாயைத் திறந்து கெடுத்துவிடாதே. ஊர் திரும்பியதும் நானே திட்டுகிறேன், போதுமா?

முத்தங்களுடன்,
ஜேன்


உகாண்டா
10 ஜூலை 2025

ஜேன்,

நான் சொல்லிவிட்டேன். அவர் வாயால் கேட்பதற்கு முன்னால் நீ என்னிடம் கேட்டுக்கொள்.

விடியற்காலை கிளம்பினோம். வண்டியில் வரும்போதே துண்டை வாயில் அடைத்துக்கொண்டு இருமினார், கண்ணெல்லாம் சிவந்துவிட்டது. மலையடிவாரத்தில் எல்லாரையும் நிற்கவைத்து, "யாருக்காவது உடம்பு சரியில்லையா?" என்று ரூத் கேட்டார். உன் அண்ணன்தான் முதலில் பதில் சொன்னார். "ஆல் குட்! ரெடி!"

நாங்கள் பார்க்கப்போகும் கூட்டத்தில் போன மாதம் ஒரு குட்டி பிறந்திருக்கிறதாம். அம்மா அதை நெஞ்சிலேயே வைத்துக்கொண்டு திரிகிறதாம். ரூத் சொல்லும்போது சொந்த வீட்டுச் செய்தி சொல்வதுபோல் முகமெல்லாம் மலர்ந்திருந்தது. என்னால் அதற்குமேல் முடியவில்லை. ரூத்தைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னேன்.

ரூத் சத்தம் போடவில்லை. உன் அண்ணனிடம் வந்து, "சார், கொஞ்சம் இந்தப் பக்கம் வாங்க" என்றார், அவ்வளவுதான். பதில் சொல்ல வாயைத் திறந்தவர் இருமிவிட்டார். கூட நின்ற வெள்ளைக்காரத் தம்பதி இரண்டடி தள்ளிப் போனார்கள். நானும் அதே அறையில் படுத்தவள்தானே? நானும் போகவில்லை. ஜேன், ஆசை எனக்கும் இருந்தது. மற்றவர்கள் வரிசையாக மலையேறிப் போனதைப் பார்த்துக்கொண்டு வண்டியில் உட்கார்ந்திருந்தேன்.

"உன்னால நான் தலைகுனிஞ்சு நின்னேன்" என்றார் உன் அண்ணன். விடுதிக்குத் திரும்பியதும் கூடத்தில் உட்கார்ந்து அத்தைக்குப் போன் செய்தார். "கேரனுக்குக் காய்ச்சல்மா. அவள விட்டுட்டு எப்படிப் போறது?" என்றார். நான் எதிரில்தான் நின்றுகொண்டிருந்தேன்.

கேரன்


பீடோங்
11 ஜூலை 2025

கேரன்,

உனக்கு என்ன பைத்தியமா? அண்ணனிடம் தனியாகச் சொல்லியிருக்கலாம். அந்நிய மனுஷி ஒருத்தியிடம் போய்ப் புருஷனைக் காட்டிக்கொடுக்க எப்படி மனம் வந்தது? இனி அவர் எந்த முகத்தோடு அங்கே ஆட்களைக் கூட்டிப்போவார்?

அம்மா நேற்றிலிருந்து, "அவளுக்கு முடியலன்னா இவன் மட்டும் போயிருக்கலாமே" என்று புலம்புகிறார். எனக்கு உண்மை தெரியும். தெரிந்துகொண்டு நான் என்ன செய்ய? அண்ணனைப் பொய்யன் என்று சொல்லச் சொல்கிறாயா? என்னை ஏன் இதற்குள் இழுத்தாய்?

ஜேன்


உகாண்டா
12 ஜூலை 2025

ஜேன்,

தனியாகத்தான் சொன்னேன். அறையில், சாப்பாட்டு மேசையில், வண்டியில் ஏறும்போதும். "ஒரு இருமலுக்கு இவ்வளவு நாடகமா?" என்றார்.

போன வருஷம் உன் சொந்த மாமா மனோகரன் இருமிக்கொண்டே பச்சிளம் குழந்தைகள் வார்டுக்கு வந்தபோது வாசலிலேயே நிறுத்தினாயே, நினைவிருக்கிறதா? அவர் ஒரு மாதம் உன்னோடு பேசவில்லை. அப்போது நான் உன் பக்கம் நின்றேன். இப்போது நான் செய்தது மட்டும் காட்டிக்கொடுப்பதா?

எனக்குக் காய்ச்சல் என்றே அத்தை நினைத்துக்கொள்ளட்டும். நான் யாரையும் திருத்தப் போவதில்லை. விளக்கம் சொல்லிச் சொல்லி அலுத்துவிட்டது. செவ்வாய் மதியம் பினாங்கில் இறங்குகிறோம். நீ வர வேண்டாம். கிராப் டாக்சி பிடித்துப் போய்க்கொள்வோம்.

கேரன்


பீடோங்
13 ஜூலை 2025

கேரன்,

பதில் எழுதக் கூடாது என்றுதான் இருந்தேன்.

இன்று பூசை முடிந்து சொந்தக்காரர்கள் சாப்பிட வந்திருந்தார்கள். மனோகரன் மாமாவும் வந்தார். அம்மா உன் காய்ச்சல் கதையை ஆரம்பிக்க, மாமா, "பொம்பளயக் கூட்டிக்கிட்டுப் போனா இப்படித்தான்" என்று சிரித்தார். எல்லாரும் சிரித்தார்கள். நான் குழம்பு ஊற்றிக்கொண்டிருந்தேன்.

"கேரனுக்கு ஒண்ணுமில்ல. இருமினது அண்ணன். மறைச்சிட்டு உள்ள போகப் பார்த்தாரு. அவதான் தடுத்தா" என்றேன்.

அம்மா சாப்பிடாமல் எழுந்து போய்விட்டார். இன்னும் அறைக் கதவைத் திறக்கவில்லை. யாரோ உடனே அண்ணனுக்குச் சொல்லிவிட்டார்கள். "இனி நீ எனக்குத் தங்கச்சி இல்ல" என்று வாய்ஸ் மெசேஜ் வந்தது, நடுவில் இருமலோடு.

உன் மேல் கோபம் போய்விட்டது என்று நினைக்காதே. இந்த வீட்டில் நான்தான் இருக்க வேண்டும், அம்மா முகத்தில் நான்தான் விழிக்க வேண்டும். ஆனால் அவர்கள் சிரித்ததை என்னால் கேட்டுக்கொண்டிருக்க முடியவில்லை.

செவ்வாய்க்கிழமை லீவு போட்டுவிட்டேன். காடியை ஓட்டிக்கொண்டு ஏர்போர்ட்டுக்கு வருவேன். அண்ணன் ஏற மாட்டார், தெரியும். அவர் கிராப் பிடித்துப் போகட்டும். நீ என்னோடு வா.

ஜேன்