தோளில் மடித்த துணி

அன்புள்ள உங்களுக்கு,

"நீ படிச்சவ, சொல்லு. மறுபடியும் பெருமாள் பல்லக்குக்குத் தோள் கொடுப்பேனா?" என்று காலையில் கேட்டீர்கள்.

நாளை உங்கள் முதுகைத் திறந்து, காசநோய் அரித்த எலும்பையும் சீழையும் எடுத்துவிட்டு, கம்பியும் திருகும் வைக்கப்போகிறார்கள். கால்களுக்கு உணர்வு திரும்பலாம் என்கிறார் டாக்டர். பல்லக்கைப் பற்றி நான் கேட்கவில்லை. கேட்டால் சொல்லிவிடுவாரோ என்று பயம்.

ஸ்ரீரங்கத்தில் பல்லக்குத் தூக்குபவருக்கு முதுகு வலித்தால் யார் காசநோயை நினைப்பார்கள்? நீங்கள் அதைக் கைங்கர்யத்தின் வலி என்றீர்கள். நான் அசட்டுத்தனத்தின் வலி என்றேன். பௌதிகம் படித்தவளுக்கு எடை மட்டும்தான் கண்ணில் பட்டது. வீதிப் புறப்பாடு முடிந்து நீங்கள் காய்ச்சலோடு வந்த சாயங்காலங்களில், "பெருமாள் ரொம்ப கனமோ?" என்று குத்துவேன். "உன் நாக்கைவிடக் கம்மிதான்" என்று சிரிப்பீர்கள். நம் இருவர் கணக்கிலும் வலிக்குப் பல்லக்குதான் காரணம். அதனால் வேறு எதையும் நாம் தேடவில்லை. கால் மரத்த பிறகுதான் ஸ்கேன் எடுத்தோம்.

இதையெல்லாம் நேரில் சொல்ல எனக்கு வராது.

இப்படிக்கு,
உங்கள் ஆத்துக்காரி

மறுநாள் எழுதுவது: ஆபரேஷன் முடிந்து மாலையில் கண் விழித்தீர்கள். டாக்டர் சொன்னதும் இரண்டு கால் கட்டைவிரல்களையும் அசைத்தீர்கள். பிறகு என்னைப் பார்த்து, "இன்னிக்குப் புறப்பாட்டுல என் இடத்துல யாரு?" என்றீர்கள்.

"உங்க தம்பிதான்."

"அவன் குள்ளமாச்சே. பல்லக்கு சாயுமே." கட்டைவிரல்களை இன்னொரு முறை அசைத்துப் பார்த்தீர்கள். "தோள்ல துணியை இன்னும் ரெண்டு மடிப்பு வெச்சுக்கச் சொல்லு. இனிமே அவன்தானே."

போன் செய்து சொல்லிவிட்டேன்.